கட்டினவர் அவிழ்க்கும் வரை

தென்காசியில் அந்தக் காலத்தில் ஒருவனை நிறுத்தி, நீ எந்தத் தெரு, எந்தச் சாமி என்று விசாரிக்க வேண்டியதில்லை. பந்தாட்டத்தில் எந்தக் கட்சிக்குக் கத்துவாய் என்று கேட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். பள்ளிவாசல் தெருக்காரர்கள் பச்சைச் சட்டை போட்டு ஆடினார்கள். வேதக்காரர்கள் குடியிருக்கிற மிஷன் வளவுக்கு வெள்ளை. கீழத்தெருவில் உழுது பிழைக்கிற சம்சாரிமார் பிள்ளைகளுக்குச் சிவப்பு. ரயில்வேக்காரர்களுக்குத் தனியாக ஒரு கட்சி இருந்தது. அதில் மலையாளம் பேசுகிறவனும் தெலுங்கு பேசுகிறவனும் கலந்திருந்ததால் பந்தைக் கேட்பதற்குள் பந்து போய்விடும். கடைத்தெருவுக்கும் ஒரு கட்சி உண்டு. அது என்னுடையது. முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, செங்கோட்டைக் கணவாய்க் காற்றின் மேல் பழி போடுவதுதான் எங்கள் வழக்கம்.

என் பெயர் நமசிவாயம். சோடா நமசிவாயம் என்றால்தான் ஊருக்குத் தெரியும். ஸ்டேஷன் போகிற வழியில் கடை. ஆட்ட நாளில் கோலி சோடாப் புட்டிகளைக் கைவண்டியில் அடுக்கிக்கொண்டு மைதானத்து ஓரம் போய் நிற்பேன். தோற்றவனுக்கும் தொண்டை வறளும், ஜெயித்தவனுக்கும் வறளும். அதனால் எனக்கு எல்லாக் கட்சியும் வேண்டிய கட்சி, யாரைப் பற்றியும் கூசாமல் பேசுகிற வாயும் எனக்கு உண்டு. அந்த வாயைத் திறந்தபடியே நிற்க வைத்த மனிதர் ஒருவர்தான். மிஷன் வளவு அருமைநாயகம். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அவர் எலும்பு கட்டுகிறவர். கறுத்த, குட்டையான ஆள். கை மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் அகலமாக, தேங்காய் மட்டை மாதிரி இருக்கும். வளவின் கடைசியில் ஒரு வேப்பமரமும் அதன் கீழே ஓலைக்கொட்டகையும் இருந்தன. தென்னையிலிருந்து விழுந்தவன், மாடு தள்ளியவன், அருவிப் பாறையில் வழுக்கியவன் எல்லாரும் அந்தக் கொட்டகைக்குத்தான் வந்தாக வேண்டும். வடகரையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். செங்கோட்டையிலிருந்து ரயிலில் வருவார்கள். உளுந்து மாவை முட்டை வெள்ளைக் கருவில் குழைத்துப் பூசி, மேலே துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவார். காய்ந்தால் கல்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம். கட்டினவர்தான் அவிழ்க்க வேண்டும். வலி நின்றுவிட்டது என்று நோயாளி அவிழ்க்கக் கூடாது, அரிக்கிறது என்று பெண்டாட்டி அவிழ்க்கக் கூடாது, ராஜாவே சொன்னாலும் கூடாது. ஊர் அதை வேதமாக வைத்திருந்தது. ஒரு வருஷம் தேரோட்டத்தில் இரண்டு தெருக்காரர்களுக்குள் கம்புச் சண்டை. இரண்டு பக்கத்திலும் கை கால் ஒடிந்தவர்கள் அவர் கொட்டகையில் அடுத்தடுத்த பாயில் கிடந்தார்கள். ஒருவரை ஒருவர் முறைத்தார்களே தவிர, ஒருவன் கட்டை இன்னொருவன் தொடவில்லை. வெளியே போய் மிச்சச் சண்டையை முடித்துக்கொள்ளலாம் என்று இரு பக்கத்தாருமே பொறுமையாக இருந்தார்கள்.

இவ்வளவு பெரிய கைக்காரர் மைதானத்துக்கு வந்தால் பார்க்கச் சகிக்காது. மிஷன் வளவுக் கட்சியின் சென்டர் அவருடைய ஒரே மகன் பாக்கியநாதன். அவன் பந்தோடு புறப்பட்டால் எதிர்க்கட்சியில் கோலைக் காத்து நிற்கிற பேக்குகள் ஆளுக்கொரு பக்கம் சிதறுவார்கள். அருமைநாயகம் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குடையோடு நின்றுகொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை கத்துவார். கோல் விழுந்தால் குடை மேலே போகும். கோல் வாங்கினால் குடை கீழே போகும். விசில் ஊதுகிற ரெப்ரிக்கு மாலைக்கண் என்பார், பகல் வெளிச்சத்திலேயே. ஞாயிறு கோயிலில் அவ்வளவு சாந்தமாக உட்கார்ந்திருக்கிற மனிதர் இவர்தானா என்று போதகருக்கே சந்தேகம் வந்ததுண்டு. ஒரு தடவை எங்கள் கடைத்தெருக் கட்சியைப் பார்த்து, இவனுகளுக்குக் கால் எதுக்கு, தராசு பிடிக்கக் கை போதுமே என்றார். நான் ஒரு மாதம் அவருக்குச் சோடா உடைக்கவில்லை. அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

ஆட்டம் சனிக்கிழமைதான் நடக்கும். வெள்ளி தொழுகை, ஞாயிறு ஆராதனை, செவ்வாய் சம்சாரிமாருக்கு அம்மன். எல்லாச் சாமிக்கும் ஒரு நாள் கொடுத்துக் கழித்ததில் சனி மிஞ்சியது. அதிலும் கீழத்தெருப் பெரியவர்களுக்கு மனத்தாங்கல். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்பை இப்படி ஓட விடலாமா என்பார்கள். ஓடுகிறவர்கள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு எண்ணெய்க் குளியல் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவார்கள்.

முப்பத்தேழாம் வருஷச் சாரலுக்குக் குற்றாலம் வந்து பங்களா எடுத்துத் தங்கிய ஒரு தேயிலைத் தோட்டத்து முதலாளி, ஆட்டத்தைப் பார்த்துச் சொக்கிப்போய் ஒரு வெள்ளிக் கப்பு கொடுத்தார். அதுவரை தேங்காய்க்கும் வாழைத்தாருக்கும் ஆடியவர்களுக்கு வெள்ளியைக் கண்டதும் கண் சிவந்துவிட்டது. செங்கோட்டையிலிருந்தும் ஒரு கட்சி வந்தது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் ராஜாவின் சீமை. ரயில் ஏறி வெற்றிலை போட்டு மெல்வதற்குள் வந்துவிடுகிற ஊர்தான், ஆனாலும் வேறு ராஜா. அவர்களும் நம்மைப் போலத் தமிழ் பேசுகிறவர்கள், கொள்வினை கொடுப்பினை உள்ளவர்கள். பந்து உருண்டுவிட்டால் மட்டும் அந்நியர்கள்.

அதனால் அரை இறுதியில் கீழத்தெருவும் செங்கோட்டையும் மோதியபோது நான் ஓர் அதிசயம் பார்த்தேன். முதல் நாள் வரை ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டிருந்த தென்காசி முழுவதும் சிவப்புச் சட்டைக்குக் கத்தியது. பள்ளிவாசல் தெருக்காரர்கள் கத்தினார்கள். ரயில்வேக்காரர்கள் நாலு பாஷையில் கத்தினார்கள். பெரிய கோயில் மொட்டைக் கோபுரத்துப் புறாக்கள் கலைந்து பறந்தன. கோல் கம்பத்துக்குப் பின்னால் அருமைநாயகம், கீழத்தெரு சென்டர் குற்றாலிங்கத்தின் பெயரைச் சொல்லி, குடையை ஆட்டிக்கொண்டு கத்தினார்.

குற்றாலிங்கத்தைச் சொல்ல வேண்டும். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் கோமதியம்மாளும் கொஞ்சம் நஞ்சையும் ஒரு ஜோடி மாடும்தான் வீடு. ஏர் பிடித்தே இறுகின கால் அவனுக்கு. அதுதான் மைதானத்தில் பந்தை அப்படி அனுப்பியது. தாய்மாமன் சுந்தரபாண்டியன் கீழத்தெருக் கட்சிக்கும் தலைவர், அந்தக் குடும்பத்துக்கும் தலைவர். கால் போனால் ஏர் போச்சு, ஏர் போனால் வீடு போச்சு. அவ்வளவுதான் கணக்கு.

கீழத்தெரு ஜெயித்த கோலை அடித்துவிட்டுத்தான் அவன் விழுந்தான். எதிரி பேக்கும் அவனும் ஈரத் தரையில் சறுக்கி ஒன்றாக மோதினார்கள். யார் மேலும் குற்றமில்லை. ஆனால் அந்தச் சத்தம் என் வண்டி வரைக்கும் கேட்டது. கயிற்றைத் தாண்டி முதலில் ஓடியவர் அருமைநாயகம். குடை ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். மற்றவர்கள் போய்ச் சேரும்போது அவன் வலது காலைத் தன் மடியில் வைத்துக் கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

கணுக்காலுக்கு மேலே வெளிப்பக்க எலும்பு. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். விரல்கள் மெதுவாக மேலே போயின, கீழே வந்தன, ஓர் இடத்தில் நின்றன. அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். இவர் நிதானமாகக் கேட்டார், "ஏலே, முதல் பாதியில இடது காலால எதுக்குலே அடிச்ச? வலது பக்கம் கோல் காலியால்லா கெடந்தது?" வேறு கட்சி ஆள், அதுவும் மிஷன் வளவு ஆள், தன் ஆட்டத்தைக் குறை சொன்னால் எவனுக்குப் பொறுக்கும்? வலியை மறந்து அவன் வாயைத் திறந்தான். அந்தப் பேச்சு பாதியில் இருக்கும்போது கை இழுத்தது. ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். குற்றாலிங்கம் பதில் சொல்லி முடித்துவிட்டு அப்புறம்தான் அலறினான். கடவுள் சிலருக்கு வாயில் வித்தையை வைக்கிறான், சிலருக்குக் கையில் வைக்கிறான். இவருக்கு இரண்டிலும் வைத்திருந்தான்.

அடுத்த பக்க அரை இறுதியில் மிஷன் வளவு ரயில்வேயை அடித்தது. ஆக, இறுதி ஆட்டம் மிஷன் வளவுக்கும் கீழத்தெருவுக்கும். குற்றாலிங்கத்தின் கால் கட்டில் இருந்தது. நல்லவேளை, அல்லது கெட்டவேளை, வானம் பொத்துக்கொண்டது.

அந்த வருஷச் சாரலை நான் மறக்க மாட்டேன். மலை இருக்கிற திசையே தெரியவில்லை. ஐந்தருவியில் ஐந்து எங்கே, ஒன்றே ஒன்றாக வெள்ளம் விழுந்தது. மைதானத்தில் தவளை ஆடியது. சனிக்கிழமை வரும், ஆட்டம் தள்ளிப்போகும். அடுத்த சனிக்கிழமை வரும், மறுபடி தள்ளிப்போகும். ஊர் இரண்டாகப் பிரிந்து வானத்தைப் பார்த்தது. மழை நின்றால் குற்றாலிங்கம் இல்லாத ஆட்டம், கப்பு மிஷன் வளவுக்கு. மழை நீடித்தால் எலும்பு கூடிவிடும், கப்பு கீழத்தெருவுக்கு. கீழத்தெருவில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள், சாரல் நிற்கக் கூடாதென்று. மிஷன் வளவில் புதன் கூட்டத்தில் ஜெபித்தார்கள், வெயில் வர வேண்டுமென்று. வளவிலும் நெல் போட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் வாயால் வெயிலையும் மனசால் மழையையும் கேட்டிருப்பார்கள். பள்ளிவாசல் தெரு, கீழத்தெருவிடம் தோற்ற எரிச்சலில் வெயில் கட்சியில் சேர்ந்துகொண்டது.

இதில் திண்டாட்டம் அருமைநாயகத்துக்குத்தான். காலையில் கொட்டகை வாசலில் நின்று மலையைப் பார்த்து, இந்தச் சனியன் எப்ப வெறிக்கும் என்பார். குற்றாலிங்கம் கட்டு மாற்ற வந்துவிட்டால், பத்தையைப் பிரித்து, எலும்பைத் தடவிப் பார்த்து, மழ இன்னும் கொஞ்சம் பெய்யட்டும்லே என்பார். அவருக்குள்ளேயே இரண்டு கட்சி ஆடிக்கொண்டிருந்தது. நான் சோடா உடைத்துக் கொடுத்துக்கொண்டே கேலி செய்வேன். அவர் சிரிக்க மாட்டார்.

கடைசியில் வெயில் வந்தது. சாரல் அடங்கி, மலை கழுவிவிட்ட மாதிரி பச்சையாகத் தெரிந்தது. முதலாளி ஊருக்குப் புறப்படுகிற சமயம், இனித் தள்ள முடியாது, வருகிற சனிக்கிழமை ஆட்டம் என்று தமுக்கு அடித்துவிட்டார்கள்.

குற்றாலிங்கம் கட்டோடு என் கடைக்கு நடந்தே வந்தான். வலி துளியும் இல்லை என்றான். தரையில் ஊன்றி மிதித்துக் காட்டினான். கட்டை அவிழ்க்கச் சொல்லி மாமனும் மருமகனும் கொட்டகைக்குப் போனார்கள். அருமைநாயகம் தடவிப் பார்த்துவிட்டு, எலும்பு ஒட்டியிருக்கிறது, ஆனால் இன்னும் பச்சை, நடக்கத் தாங்கும், உதைக்கத் தாங்காது, இப்போது ஒடிந்தால் பிறகு என் கையாலும் ஆகாது, ஆயுசுக்கும் நொண்டிதான் என்றார்.

சொன்னவர் வேறு யாராவதாக இருந்திருந்தால் சுந்தரபாண்டியன் கேட்டிருப்பார். சொன்னவர் கோல் கம்பத்துக்குப் பின்னால் குடையோடு நிற்கிற ஆள். அன்று சாயங்காலம் என் கடையில் உட்கார்ந்து சுந்தரபாண்டியன் பேசியதைக் கேட்டவர்கள் பலர்.

"வேலியே பயிர மேயுது, நமசிவாயம். அந்த மனுசன் கைய நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கை யாரு கைன்னு எனக்குத் தெரியும். மவன் ஜெயிக்கணும்னு எந்தத் தகப்பனுக்கு இருக்காது? சனிக்கெழம மைதானத்துல வச்சே நான் கட்ட அறுக்கப் போறேன்."

கடையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அருமைநாயகம் கட்டினதை இன்னொரு கை அறுத்து இந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. பேச்சு வளவுக்குப் போய்ச் சேர வெகுநேரம் ஆகியிருக்காது.

சனிக்கிழமை காலையில் பள்ளிவாசல் தெருவிலிருந்து முட்டை கொண்டுவந்து விற்கிற நூர்நிஷா என் கடையில் கூடையை இறக்கினாள். வைத்தியர் வீட்டம்மாள் ஜெபமலர் இன்றைக்கு முட்டை கூடுதலாக வாங்கினாள், அழுதுகொண்டே வாங்கினாள் என்றாள். யாருக்கோ பெரிய ஒடிவு போலிருக்கிறது என்று நினைத்துவிட்டுப் புட்டிகளைக் கழுவப் போய்விட்டேன்.

சாயங்காலம் மைதானத்தில் எள் விழ இடமில்லை. மேற்கே மலை, அதற்கு மேல் ஒரு கீற்று மேகம். குற்றாலிங்கத்தை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். சிவப்புச் சட்டை போட்டிருந்தான். கட்டு அப்படியே இருந்தது. கோமதியம்மாள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மகன் முகத்தையும் தம்பி முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு. சுந்தரபாண்டியன் மடியிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார்.

அப்போது வளவுப் பக்கம் ஒரு சலசலப்பு. வெள்ளைச் சட்டைக்காரர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள். பாக்கியநாதன் அவர்களோடு இல்லை. கடைசியாக அருமைநாயகம் வந்தார். ஒரு கையில் குடை. இன்னொரு கை மகன் தோளில். பாக்கியநாதனின் வலது காலில், கணுக்காலுக்கு மேலே, புதுத் துணியும் மூங்கில் பத்தையுமாக ஒரு கட்டு. குற்றாலிங்கத்துக்கு எந்த இடமோ அதே இடம்.

பயிற்சியில் விழுந்திருப்பான் என்று எல்லாரும் நினைத்தோம். சுந்தரபாண்டியன் கத்தியைப் பிடித்த கையோடு திரும்பி, மகனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகல. நல்ல காலுதான்," என்றார் அருமைநாயகம்.

"நல்ல காலுக்கா கட்டு போட்டிருக்கீரு?"

"ஆமா அண்ணாச்சி. குற்றாலிங்கம் காலு இன்னும் இறுகலன்னு நான் சொல்லுதேன். எங்க கட்சிக்காகச் சொல்லுதேன்னு நீங்க சொல்லுதீங்க. நான் எங்க கட்சிக்காரன்தான், இல்லங்கல. அதான் எங்க கட்சியிலயும் ஒரு காலக் கட்டிட்டேன். அவன் கட்ட என்னைக்கு அவுக்கேனோ அன்னைக்குத்தான் இதையும் அவுப்பேன். இப்பயாவது நான் சொல்லுதது வைத்தியம்னு நம்புங்க."

இத்தனை வருஷம் கழித்துச் சொல்லும்போதும் எனக்குப் புல்லரிக்கிறது. வாயாடி நமசிவாயத்தின் கையில் கோலியை அமுக்கின புட்டி பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதைக் குடிக்க வேண்டியவனும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. இப்படி ஒருவர் தன் வார்த்தைக்குச் சாட்சி வைத்து நான் கேள்விப்பட்டதே இல்லை.

மிஷன் வளவுதான் முதலில் வெடித்தது. கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ, காட்டிக்கொடுத்த யூதாஸ் என்று கத்தினார்கள். வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் ஓடிவந்து ஒரு கத்தியைப் பாக்கியநாதன் கையில் திணித்தான். அறுத்துப் போட்டுவிட்டு இறங்கு, நல்ல கால்தானே, ஒன்றும் ஆகாது என்றான். அவன் சொன்னதும் சரிதான். அந்தக் காலுக்கு ஒரு கேடும் வராது. பாக்கியநாதனுக்கு இருபது வயது. கப்பு மேஜைமேல் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அவன் கண்ணில் நீர் நின்றதை நான் பார்த்தேன். தகப்பனார் அவனைப் பார்க்கவில்லை, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"ஐயா கட்டினது. ஐயாதான் அவுக்கணும்," என்றான்.

வண்டியில் இருந்த குற்றாலிங்கம், மாமன் பக்கம் வெளியே நீட்டியிருந்த தன் காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டான். எனக்கும் அவரே அவிழ்க்கட்டும் மாமா என்றான். சுந்தரபாண்டியன் கத்தியை மடக்கி மடியில் செருகிக்கொண்டார். கோமதியம்மாள் அருமைநாயகத்தை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. ரெப்ரி விசிலை வாயில் வைப்பதைப் பார்த்துவிட்டு, அவசரமாகக் கோல் கம்பத்துக்குப் பின்னால் போனார்.

இவ்வளவு செய்தவர் இனி நடுநிலைவாதி ஆகிவிடுவார், பாதிரியார் மாதிரி கைகட்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன். என் நினைப்பில் மண் விழுந்தது. அன்றைக்குக் கத்தினதைப் போல அவர் என்றைக்கும் கத்தவில்லை. மகன் இல்லாத குறையையும் சேர்த்துத் தொண்டையால் ஆடினார். கீழத்தெருக்காரன் ஒவ்வொருவனையும் பெயர் சொல்லி ஏசினார். ரெப்ரியின் மாலைக்கண்ணுக்கு மருந்து சொன்னார். மைதானத்தின் ஓரத்தில் அந்த மாட்டுவண்டியிலேயே இரண்டு சென்டர்களும் இரண்டு கட்டுக்கால்களை நீட்டிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கட்சிக்குக் கத்தினார்கள்.

கீழத்தெரு ஒரு கோலில் ஜெயித்தது. பாக்கியநாதன் இறங்கியிருந்தால் அந்தக் கோலுக்குப் பதிலாக மிஷன் வளவு மூன்று போட்டிருக்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். குடை கீழே போயிற்று, அன்று எடுப்பாரில்லை. அருமைநாயகம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதார். கட்டினதற்காக அழவில்லை, தோற்றதற்காகத்தான் அழுதார். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

வளவில் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஞாயிறு கோயிலில் அவர் பெஞ்சில் அவரும் ஜெபமலரும் பையனும் மட்டும் உட்கார்ந்தார்கள். ஆட்டத்தன்று காலை வீட்டில் என்ன நடந்தது என்பதை ஜெபமலர்தான் பிற்பாடு என் மனைவியிடம் சொன்னாள். உளுந்தை ஆட்டச் சொன்னாராம். யாருக்கு என்று கேட்டதற்கு, பெரியவனுக்கு என்றாராம். அவருக்கு இருந்ததே ஒரு மகன்தான், பெரியவனும் அவனே, சின்னவனும் அவனே. அவள் புரிந்துகொண்டு ஆட்டுரல் குழவியைத் தூக்கி எறியப் போனாளாம். பையன் வந்து, தகப்பனார் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் பாயில் உட்கார்ந்து காலை நீட்டினானாம். கட்டி முடிப்பதற்குள் மூன்று தடவை துணியைப் பிரித்து மறுபடி சுற்றினாராம். எத்தனையோ ஒடிந்த காலை ஒரே சுற்றில் கட்டின கை.

கட்டு அவிழ்க்கிற நாள் வந்தபோது கொட்டகைக்கு வெளியே கூட்டம். கீழத்தெருக்காரர்கள் வந்தார்கள். வளவுக்காரர்கள் பேசமாட்டோம் என்ற முகத்தோடு வந்தார்கள். நானும் கடையை நூர்நிஷாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன். முதலில் குற்றாலிங்கம். வெந்நீர் ஊற்றி நனைத்து, பத்தையை எடுத்து, துணியைப் பிரித்தார். தடவினார். அழுத்தினார். எழுந்திரு என்றார். நட என்றார். பிறகு கொட்டகை ஓரத்தில் கிடந்த ஓர் உருண்டைத் தேங்காய் மட்டையைக் காட்டி, அதை உதை என்றார். சுந்தரபாண்டியன் கண்ணை மூடிக்கொண்டார். மட்டை வேப்பமரத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. குற்றாலிங்கம் கல்லு மாதிரி நின்றான்.

அப்புறம் பாக்கியநாதன். கட்டைப் பிரித்ததும் அவன் துள்ளி எழுந்தான். எழுந்தவன் அப்படியே சரிந்தான். ஓடியாடின கால் அத்தனை நாள் அசையாமல் கிடந்ததில் கணு விறைத்து, கெண்டைச் சதை வற்றிப் போயிருந்தது. குற்றாலிங்கம் கட்டோடே ஊன்றி நடந்தவன், இவன் அந்தக் காலை ஊன்றவே இல்லை. ஒடிந்த கால் நேராக நின்றது, ஒடியாத கால் தாங்கவில்லை. அருமைநாயகத்துக்கு அது முன்பே தெரிந்திருக்கும், அவர் தொழில் அது. ஆனாலும் மகன் விழுந்ததைப் பார்த்தபோது அவர் முகம் போன போக்கை நான் சொல்ல விரும்பவில்லை. அவன் காலை மடியில் போட்டு, எண்ணெய் தொட்டுத் தேய்க்கத் தொடங்கினார். யாரும் போகவில்லை. குற்றாலிங்கம் குனிந்து பாக்கியநாதனைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டான், அவர் தேய்த்து முடிக்கும்வரை. சுந்தரபாண்டியன் எண்ணெய்க் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு உட்கார்ந்தார். வளவுக்காரர்களில் ஒரு கிழவர் வந்து, ஏலே அருமை, நானும் கொஞ்சம் தேய்க்கட்டுமா என்றார். பேச்சு அப்படித்தான் திரும்பியது.

பாக்கியநாதன் மார்கழிக்குள் ஓடத் தொடங்கிவிட்டான். அடுத்த சாரலில் மறுபடி அதே இரண்டு கட்சி, அதே மைதானம். இரண்டு சென்டர்களும் இறங்கினார்கள். ஊர் பழையபடி பிரிந்து நின்று ஏசிக்கொண்டது. ஒருவரும் திருந்தியதாகத் தெரியவில்லை. ஆட்டம் முடிகிற நேரம், குற்றாலிங்கம் கணவாய்க் காற்றை எதிர்த்து வலது காலால் ஒரு உதை விட்டான். அப்படி ஓர் உதையை நான் பார்த்ததில்லை. காற்றுக்குப் பயப்படாமல் பந்து நேராக வந்து, மிஷன் வளவு கோலுக்குள், அருமைநாயகத்தின் நெஞ்சுக்கு எதிரே வலையில் விழுந்தது.

குடை தரையில் விழுந்தது. கோல்கீப்பரின் ஏழு தலைமுறையையும் ஏசி முடித்துவிட்டு, என் வண்டிக்கு வந்தார். மூச்சு வாங்கியது. நான் கேட்காமலே ஒரு புட்டியை உடைத்துக் கொடுத்தேன். பாதி குடித்தவர் என் பக்கம் குனிந்து, தன் வளவுக்காரர்கள் காதில் விழாதபடி கேட்டார்.

"எந்தக் காலுன்னு பாத்தீரா, நமசிவாயம்?"

"வலது காலு அண்ணாச்சி. நீங்க கட்டினது."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினார். பிறகு மிச்ச சோடாவையும் குடித்து, புட்டியைத் தராமல் கையிலேயே பிடித்துக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் ஓடி, குற்றாலிங்கத்தை ஏசத் தொடங்கினார்.